இரண்டு தட்டு

டயர்க் கடைக்குக் கீழே, படியிறங்கினால் குளிர்.
இந்திரா நகரில் மழை பெய்ததா என்பதை
வெளியே விட்ட செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.
மணி இரண்டே கால்.
ஒரே மேசைக்கு இழுத்துப் போட்ட பத்துப் பேர்.
ஒன்பது பேருக்குப் பணம்.
பத்தாவது ஆளுக்கு
வாட்ச்மேன் திறந்துவிடும் கதவு.

பெல்லியப்பா எழுந்து நின்றார்.
கடைசி ஒன்பதாயிரத்தை நெட்டித் தள்ளும்போதே
ஸ்வெட்டருக்குள் ஒரு கை நுழைந்துவிட்டது.
"ஆல் இன்."
மடிகேரிக்காரர். காபித் தோட்டத்தை விற்றவரா
வாங்கியவரா, ஆறு மாதமாக யாரும் கேட்டதில்லை.

லோபோ யோசித்தான், போட்டான்.
என் பேரில் ஏற்கெனவே நாலாயிரம் கிடந்தது.
இன்னும் ஐந்து. போட்டேன்.
கையில் இஸ்பேட் ஏழு, இஸ்பேட் ஆறு.
அடுத்தடுத்த வீடுகள், இரண்டிலும் வசதியில்லை.

லின்தோய் மூன்று சீட்டைத் திருப்பினாள்.
கிளாவர் ஜாக்கி, டைமன் எட்டு, ஆட்டின் மூணு.
எனக்கு ஒன்றுமில்லை.
லோபோவுக்கும் பெரிதாக எதுவுமில்லை என்பது
அவன் பிஸ்தா உரிப்பதை நிறுத்தியதில் தெரிந்தது.

இங்கேதான் கை அரிக்கும்.
ஒரு பன்னிரண்டாயிரம் வீசினால் லோபோ ஓடிவிடுவான்.
ஓடட்டும். அப்புறம்?
நடுவில் கிடப்பதற்குக் காவல் பெல்லியப்பா.
அவரை மிரட்ட முடியாது,
மிரள்வதற்கு அவரிடம் ஒரு சில்லுகூட மிச்சமில்லை.
எனக்கும் லோபோவுக்குமான பக்கத்துக் குவியலிலோ
வெறும் துணி.
காலி வீட்டுக்கு எதற்குக் கன்னக்கோல்?

போன மாதம் வைத்தேன்.
வெறுங்கையோடு அடித்தேன், நஃபீஸா மடித்தாள்.
மடித்தது ஜோடி ஐந்து. ஐந்து ஜெயித்திருக்கும்.
எழுந்து நின்றிருந்தவன் மூன்று மடங்காகி உட்கார்ந்தான்,
ஒரு மணி நேரத்தில் என்னை எழுப்பி அனுப்பினான்.
நஃபீஸா திட்டவில்லை.
தண்ணீர் பாட்டிலை மட்டும் என் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆகவே, விரல் முட்டியால், பச்சைத் துணியில்
இரண்டு தட்டு.
லோபோ என் விரலைப் பார்த்தான்.
இரவு முழுக்க ஒருவர் ரத்தத்தை ஒருவர் குடித்திருந்தோம்.
அவனும் தட்டினான்.
பேசிவைத்துக்கொண்டால் அது திருட்டு.
இதற்கு என்ன பேர் என்று
லின்தோயிடம் கேட்கவும் முடியாது.

நாலாவது, கிளாவர் ஒன்பது.
ஆறு ஏழு எட்டு ஒன்பது!
அஞ்சு வந்தாலும் ஆச்சு, பத்து வந்தாலும் ஆச்சு.
சில்லின் மேல் கட்டைவிரல் தானாக ஏறியது.
இறக்கினேன்.
மீன் ஒன்றுதான், வலை இரண்டாகவே இருக்கட்டும்.
தட்டினேன். தட்டினான்.
சீக்காளி படுத்திருக்கும் வீட்டுக் கதவை
உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று
இரண்டு பேர் மாறி மாறித் தட்டுவது மாதிரி.

ஐந்தாவது, ஆட்டின் ரெண்டு.
யாருக்கும் ஆகாத சீட்டு.
தட்டினேன். தட்டினான்.

பெல்லியப்பா திருப்பினார்: ஆஸ், ராஜா.
பட்டாளமில்லாத ராஜா.
என்னுடையதைக் காட்டவே வெட்கம்.
லோபோ: நாலு, நாலு.
என் ஒரே வீச்சில்
குப்பைக்குப் போயிருக்க வேண்டிய நாலு.

குவியல் அவனுக்குப் போனது.
ஒன்பதாயிரம் தோற்ற நான் சிரித்தேன்.
மேசையே சிரித்தது, யாரோ விசில் அடித்தார்கள்.
எங்கள் ஒவ்வொருவர் பேரிலும்
குறைந்தது நாற்பதாயிரம் ரூபாய் எழுதியாகிவிட்டது.

ஸ்வெட்டரின் மறு கையை நுழைத்துக்கொண்டு
பெல்லியப்பா வரிசையாகக் கை கொடுத்தார்.
என்னிடம் வந்ததும்
"சென்னாகி தட்டித்ரி" என்றார்.
புரியாத மாதிரி இருந்துவிடலாம் என்றால்
தட்டுவதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்.

படியேறிப் போனவர்
அடுத்த கைக்குச் சீட்டுக் கலைக்கும்போது திரும்பி வந்தார்.
போன் சார்ஜர்.
மேசைக்கடியில், என் காலருகே,
குனிந்து அவர் அதை உருவிய அந்த அரை நிமிஷம்
நாங்கள் ஒன்பது பேரும்
இன்னும் கைக்கு வராத சீட்டுகளைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.